அம்புக்குறிக்குப் பின்னால்

இந்தியாவின் எந்தப் பொறியியல் கல்லூரி விடுதியிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. இரவு ஒரு மணி. காலையில் புராஜெக்ட் மதிப்பீடு. மேஜை மீது லேப்டாப், ஆறிப்போன டீ, கட்டைவிரல் அளவிலான ஒரு நீல நிறப் போர்டு. பெயர் ஆர்டுயினோ நானோ. அசல் அல்ல, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகல். அதில் ஒரு சின்ன விளக்கை ஒரு விநாடிக்கு ஒரு முறை மினுக்க வேண்டும். அவ்வளவுதான். எல்.கே.ஜி. பாடம்.

ஆனால் மாணவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். ஆர்டுயினோ நிறுவனமே தரும் புரோகிராமை மூடிவிட்டு, சீனியர்கள் புகழும் வேறொரு எடிட்டருக்கு மாறியிருக்கிறார். கோட் பிழையில்லாமல் கம்பைல் ஆகிறது. அப்லோட் பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்துக்கள் ஓடுகின்றன. 'நாட் இன் சிங்க்' என்கிறது கம்ப்யூட்டர். முதல் முயற்சி, இரண்டாவது முயற்சி என்று எண்ணிக்கொண்டே போய் பத்தாவதோடு கைவிரிக்கிறது. போர்டு செத்துவிட்டதா? இல்லை. பழைய புரோகிராமைத் திறந்து அதே கோடை அனுப்பினால் விளக்கு சமர்த்தாக மினுங்குகிறது.

அதே போர்டு, அதே கேபிள், அதே கோட். வாசல் மட்டும் மாறியது. பிறகு ஏன் தகராறு? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் விளக்கைத் தாண்டிய சில விஷயங்களும் தெரியவருகின்றன.

ஆர்டுயினோ பிறந்தது 2005-ல், இத்தாலியின் வடக்கே உள்ள இவ்ரேயா என்ற சிறு நகரத்தில். டைப்ரைட்டர்களுக்குப் பேர்போன ஒலிவெட்டி கம்பெனியின் ஊர் அது. மேஜைக் கம்ப்யூட்டர்களின் முன்னோடி என்று பலரும் சொல்லும் புரோகிராமா 101-ஐ 1965-ல் ஒலிவெட்டி வெளியிட்டது. கம்பெனியின் பொற்காலம் முடிந்த பிறகு, 2001-ல் அங்கே ஒரு வடிவமைப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. மாணவர்களில் பலர் எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத ஓவியர்கள், வடிவமைப்பாளர்கள். அவர்கள் செய்யும் பொருட்களுக்கு உயிர் கொடுக்க ஒரு மைக்ரோகன்ட்ரோலர் தேவைப்பட்டது. கடையில் கிடைத்தவை விலை அதிகம், பழகவும் கடினம்.

முதல் அடியை எடுத்து வைத்தவர் கொலம்பியாவிலிருந்து படிக்க வந்த எர்னாண்டோ பர்ரகான். 2003-ல் தன் முதுகலை ஆய்வுக்காக அவர் தொடங்கிய 'வயரிங்' திட்டத்தில் போர்டும் இருந்தது, அதற்கு எழுத எளிமையான மென்பொருளும் இருந்தது. மாசிமோ பான்ஸி, டேவிட் குவார்ட்டியேல்ஸ், டாம் ஐகோ, ஜியான்லூகா மார்ட்டினோ, டேவிட் மெல்லிஸ் ஆகிய ஐவரும் அதை அடியொற்றி, விலை குறைந்த சிப்பை வைத்து உருவாக்கியதுதான் ஆர்டுயினோ. ஊரில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயரைப் போர்டுக்கு வைத்தார்கள். மதுக்கடைக்கு அந்தப் பெயர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியை ஆண்ட ஆர்டுயின் மன்னனால் வந்தது. தனக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தை பர்ரகான் 2016-ல் விரிவாக எழுதினார். அது தனிக் கதை.

இங்கே முக்கியம் வேறொன்று. 2005-ல் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்படும் நிலையில் இருந்தது. பள்ளியோடு சேர்த்துத் தங்கள் வேலையும் பூட்டப்பட்டுவிடக் கூடாது என்று நினைத்தவர்கள், போர்டின் வரைபடத்தையும் மென்பொருளின் மூலக் குறிப்பையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். விடுதி மாணவரின் நகல் போர்டும், அவர் மாறிப்போன வேறு எடிட்டரும் சாத்தியமானது அந்த முடிவால்தான்.

ஓவியர்களுக்காகச் செய்யப்பட்ட சாதனம் என்பதால், எல்லாச் சிக்கலையும் ஓர் அம்புக்குறிப் பொத்தானுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். அழுத்தினால் போதும், கோட் போர்டுக்குப் போய்ச் சேரும். நடுவே நடப்பது கண்ணில் படாது.

நடப்பது இதுதான். மாணவர் எழுதுவது 'செட்டப்', 'லூப்' என்ற இரண்டு பகுதிகள். முதலாவது ஒரே ஒரு முறை ஓடும். இரண்டாவது கரண்ட் இருக்கும் வரை திரும்பத் திரும்ப ஓடும். முழுமையான சி++ புரோகிராமுக்கு இது போதாது. எனவே ஆர்டுயினோ புரோகிராம் ஓசைப்படாமல் சில வரிகளைச் சேர்க்கிறது. தேவையான தலைப்புக் கோப்பை மேலே ஒட்டுகிறது. கீழே எழுதப்பட்ட ஃபங்ஷன்களின் பெயர்களை முன்கூட்டியே அறிவித்து வைக்கிறது. பிறகு ஏ.வி.ஆர். ஜி.சி.சி. என்ற இலவச கம்பைலரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றச் சொல்கிறது. அது 'ஹெக்ஸ்' என்ற கோப்பாக வெளியே வருகிறது. விளக்கை மினுக்கும் புரோகிராம் ஆயிரம் பைட்டுகளுக்கும் குறைவு. நானோவிலும் அதன் அண்ணன் உனோவிலும் உள்ள ஏடிமெகா 328பி சிப்பில் புரோகிராமுக்கு இருக்கும் இடமே மொத்தம் 32 கிலோபைட்தான். செல்போனில் எடுத்த ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது.

அடுத்து, அந்தக் கோப்பைச் சிப்புக்குள் இறக்க வேண்டும். இந்த வேலைக்கு 'ஏ.வி.ஆர். டியூட்' என்று இன்னொரு இலவச புரோகிராம் உண்டு. அது யு.எஸ்.பி. வாயிலைத் திறந்தவுடன் போர்டில் ஒரு கம்பியின் மின்னழுத்தம் விழுகிறது. 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று அந்த வீழ்ச்சியை ஒரு சின்னத் தட்டலாக மாற்றி, சிப்பின் ரீசெட் காலுக்கு அனுப்புகிறது. சிப் தூங்கி எழுந்ததுபோல முதலிலிருந்து தொடங்குகிறது. 2007-ல் வந்த 'டியேச்சிமிலா' போர்டுக்கு முன்பு இந்தத் தட்டலைக் கையால்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சரியான நொடியில் ரீசெட் பொத்தானை அழுத்தத் தவறியவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விழித்த சிப் உடனே மாணவரின் புரோகிராமுக்குப் போவதில்லை. நினைவகத்தின் ஓர் ஓரத்தில் 'பூட்லோடர்' என்ற காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். "புதிய கோட் ஏதாவது வருகிறதா?" என்று ஓரிரு விநாடி காத்திருப்பது அவன் வேலை. வந்தால், 128 பைட்டுகள் கொண்ட பக்கம் பக்கமாக வாங்கி எழுதுகிறான். வராவிட்டால் பழைய புரோகிராமை ஓடவிடுகிறான். கம்ப்யூட்டர் அந்த ஓரிரு விநாடிக்குள், அவன் அறிந்த வேகத்தில், அவன் அறிந்த மொழியில் பேசியாக வேண்டும். வேகம் மாறினால் காதில் விழுவது வெறும் இரைச்சல்தான். பதில் வராது. 'நாட் இன் சிங்க்' என்பதன் பொருள் இதுவே: 'கூப்பிட்டேன், ஒழுங்கான பதில் இல்லை.'

இத்தனை வேலையையும் ஒரு பொத்தான் பார்த்துக்கொள்ளும்போது, வேறு வாசலுக்கு ஏன் போக வேண்டும்? காரணங்கள் இருந்தன. பழைய ஆர்டுயினோ புரோகிராம் பத்து வரி எழுதுபவருக்கு வசதி. பத்தாயிரம் வரி எழுதுபவருக்குத் தொல்லை. பெயரின் முதல் சில எழுத்துக்களை அடித்தால் மீதியை நிரப்பித் தராது. ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டது என்று தாவிப் பார்க்க முடியாது. 2022 செப்டம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு இவற்றில் பலவற்றைத் தீர்த்தது. அதற்குள் பலர் வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். சிலர் எக்லிப்ஸுக்கு, சிலர் சிப் தயாரிப்பாளரின் ஸ்டுடியோவுக்கு, பெரும்பாலோர் விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டருக்குள் ஓடும் பிளாட்ஃபார்ம் ஐ.ஓ.வுக்கு. எதுவும் வேண்டாம் என்று வெறும் மேக்ஃபைல் ஒன்றை எழுதி, கட்டளை வரியிலிருந்தே காரியத்தை முடிப்பவர்களும் உண்டு.

எந்த வாசல் வழியாகப் போனாலும் உள்ளே வேலை செய்பவர்கள் அதே இருவர்தான்: அதே கம்பைலர், அதே ஏ.வி.ஆர். டியூட். ஆனால் அம்புக்குறி இதுவரை தானாகச் சொன்ன பதில்களை இனி எழுதுபவர் தன் வாயால் சொல்ல வேண்டும். எந்தச் சிப்? அது என்ன வேகத்தில் துடிக்கிறது? எந்த வாயில்? அதில் விநாடிக்கு எத்தனை பிட்? காவல்காரன் பேசும் மொழி எது? ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றிலும் தவறினால் ஒவ்வொரு விதமான நோய்.

சிப்பின் பெயரைத் தவறாகச் சொன்னால், ஏ.வி.ஆர். டியூட் சிப்பின் கையெழுத்தைப் படித்துப் பார்த்து, 'இது அவர் அல்ல' என்று நிறுத்திவிடும். ஏடிமெகா 328பி-யின் கையெழுத்து மூன்றே பைட்டுகள். 8 மெகாஹெர்ட்ஸ் போர்டை 16 மெகாஹெர்ட்ஸ் என்று சொன்னால் அப்லோட் ஆகும். ஆனால் ஒரு விநாடிக்கு எழுதிய விளக்கு இரண்டு விநாடிக்கு மினுங்கும். திரையில் வரும் எழுத்துக்கள் கிறுக்கலாக இருக்கும். இது மோசமான நோய். பிழைச் செய்தியே இல்லாததால், பிள்ளைகள் தங்கள் கோடில் இல்லாத தவறைத் தேடி ஒரு நாளைத் தொலைப்பார்கள்.

வாயில் விஷயத்திலும் பொறிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் வாயிலைப் பிடித்திருக்க முடியும். பழைய புரோகிராமின் சீரியல் மானிட்டர் பின்னணியில் திறந்திருந்தால் புதியது உள்ளே நுழைய முடியாது. லினக்ஸில் பல இடங்களில், 'டயல்அவுட்' என்ற குழுவில் பயனாளரைச் சேர்த்துவிட்டு, ஒரு முறை வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். போர்டின் 0, 1 ஆகிய இரண்டு கால்களில் ஏதாவது சென்சாரையோ புளூடூத்தையோ இணைத்திருந்தால் கோட் இறங்காமல் போகலாம், யு.எஸ்.பி. பேச்சும் அதே கால்கள் வழியாகத்தான் போகிறது. கழற்றிவிட்டு அனுப்பி, பிறகு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கம்பைல் கட்டத்திலும் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். நேற்று வரை ஓடிய கோட், கோப்பின் பெயரைச் சாதாரண சி++ கோப்பாக மாற்றியதும் 'இப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்று முறைக்கும். மேலே ஒட்டிய தலைப்புக் கோப்பும் முன் அறிவிப்புகளும் அம்புக்குறியின் உபயம் என்பது அப்போதுதான் உறைக்கும். இரண்டையும் கையால் எழுதினால் சரியாகிவிடும்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. யு.எஸ்.பி. ஒத்துழைக்கவில்லை என்று சிலர் தனியான புரோகிராமர் கருவியை வாங்கி, சிப்புக்குள் நேரடியாக எழுதுகிறார்கள். அது முறையான வழிதான். ஆனால் எழுதும் முன் அந்தக் கருவி சிப்பை முழுவதுமாகத் துடைக்கிறது. காவல்காரனும் சேர்ந்து போய்விடுகிறான். புரோகிராம் நன்றாக ஓடும். அடுத்த முறை யு.எஸ்.பி. வழியாகக் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. 'போர்டு செத்துவிட்டது' என்று குப்பைக்குப் போன போர்டுகளில் எத்தனையோ இப்படிப்பட்டவை. இன்னொரு ஆர்டுயினோவையே புரோகிராமராக வைத்து, பூட்லோடரைத் திரும்ப எழுதினால் அவை பிழைத்துவிடும்.

சிவப்பு எழுத்துக்களைக் கண்டு கலங்குபவர்களுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் வைத்தியம் எளிமையானது. பழைய புரோகிராமைத் தூக்கி எறியாதீர்கள். அதன் அமைப்புகளில், அப்லோட் செய்யும்போது விவரங்களைக் காட்டச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் டிக் செய்துவிட்டு வெற்றிகரமாக ஒரு முறை கோடை அனுப்புங்கள். அம்புக்குறி மறைத்து வைத்த முழுக் கட்டளையும் திரையில் வரும்: சிப்பின் பெயர், வாயில், வேகம், மொழி எல்லாம். அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, புதிய இடத்தில் உள்ள அமைப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறதோ, நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. 2016-ல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் 10,000 பள்ளிகளில் டிங்கரிங் லேப்கள் அமைக்கப்பட்டன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் அங்கே போர்டுகளைக் கையில் எடுக்கிறார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 லேப்கள் வரும் என்று 2025 பட்ஜெட் அறிவித்தது. பிள்ளைகள் அம்புக்குறியை அழுத்தக் கற்றுக்கொள்வதில் சந்தேகமில்லை. அது வேலை செய்யாத நாளில் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. கோளாறு வந்ததும் போர்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால், லேப் வந்து பயனில்லை.

ஒரே வாசலை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை ஆர்டுயினோவின் சொந்தக் கதையே காட்டியிருக்கிறது. 2015-ல் ஐவருக்குள் பிளவு ஏற்பட்டது. நால்வர் ஒரு பக்கம். போர்டுகளைத் தயாரித்து வந்த மார்ட்டினோவின் தரப்பு மறுபக்கம். ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள், இரண்டு வெவ்வேறு புரோகிராம்கள். எது அசல் என்று ஆசிரியர்கள் விழித்தார்கள். 2016 அக்டோபரில்தான் சமரசம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய சிப் நிறுவனமான குவால்காம், ஆர்டுயினோவை வாங்க ஒப்பந்தம் செய்திருப்பதாக அறிவித்தது. சிப்பின் கதையும் இப்படித்தான். நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் இரண்டு மாணவர்களின் யோசனையாகத் தொடங்கிய ஏ.வி.ஆர். வடிவம் ஆட்மெல் நிறுவனத்துக்குப் போனது. 2016-ல் ஆட்மெல்லை மைக்ரோசிப் விழுங்கியது. சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டாவது வழி தெரிந்தவருக்கு அது வெறும் செய்தி. தெரியாதவருக்குக் கவலை.

திறந்த வாசல் இரு திசையிலும் பயன்படுகிறது. மற்ற எடிட்டர்களிலிருந்து ஆர்டுயினோ போர்டுக்குப் போகலாம் என்றால், ஆர்டுயினோ புரோகிராமிலிருந்து மற்ற போர்டுகளுக்கும் போகலாம். திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் மையம் வேகா என்ற பெயரில் இந்திய பிராசசர்களை வடிவமைத்திருக்கிறது. அந்த வரிசையில் வந்த தேஜஸ் 32 சிப்பைக் கொண்ட ஏரீஸ் போர்டை, இத்தாலியர்களின் அதே அம்புக்குறியை அழுத்திப் புரோகிராம் செய்யலாம். உள்ளே வேறு கம்பைலர், வேறு ஏற்றும் புரோகிராம். பிள்ளைகள் பழகிய பொத்தான் மட்டும் மாறவில்லை. இந்தியச் சிப்புக்காகப் புதிய பொத்தானை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி குழு இன்னொரு வழியைக் காட்டியது. போர்டில் ஒரு சிறு புரோகிராமை ஒரு முறை ஏற்றிவிட்டு, அதன்பின் சைலேப், பைத்தான், ஜூலியா போன்ற மொழிகளிலிருந்து கட்டளைகளை அனுப்புவது. அதற்கான பாடநூல்களையும் அக்குழு வெளியிட்டிருக்கிறது.

இதனால் அம்புக்குறியை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. அது இல்லாவிட்டால் இவ்ரேயாவின் ஓவியர்கள் முதல் நாளே ஓடிப்போயிருப்பார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தையும் அப்படித்தான். முதல் விளக்கு மினுங்கும் சந்தோஷத்துக்கு முன்னால் ஐந்து கேள்விகளை வைப்பது கொடுமை. ஆனால் முதல் விளக்குக்குப் பிறகு எப்போதாவது ஒரு நாள், அதே கோடை வேறொரு வாசல் வழியாக அனுப்பிப் பார்க்கச் சொல்வது நல்ல பாடம். அன்றைக்குத் தோற்றாலும் பரவாயில்லை. ஏன் தோற்றது என்று தேடும்போதுதான் கம்பைலர், பூட்லோடர், ரீசெட், வேகம் என்று ஒவ்வொன்றும் பெயர் பெறுகிறது.

விடுதி மாணவருக்கு என்ன ஆயிற்று? சந்தையில் உள்ள நகல் நானோக்களில் பல இன்னும் பழைய பூட்லோடருடன்தான் வருகின்றன. அதன் வேகம் விநாடிக்கு 57,600 பிட். 2018 முதல் வரும் அசல் நானோக்கள் 115,200-ல் பேசும். எப்போதோ ஒரு நாள், நண்பர் சொன்னார் என்று ஆர்டுயினோ புரோகிராமில் 'ஓல்ட் பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார் மாணவர். அவர் மறந்துவிட்டார், புரோகிராம் மறக்கவில்லை. புதிய எடிட்டருக்கு அந்த வரலாறு தெரியாது. புதிய நானோ என்று நம்பி வேகமாகப் பேசியது. இரண்டு கட்டளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஓர் எண் மட்டும் வேறாக நிற்கும்.

எண்ணை மாற்றியதும் பத்து முயற்சி தேவைப்படவில்லை. முதல் முயற்சியிலேயே கோட் இறங்கிவிட்டது. மதிப்பெண் போடும் பேராசிரியர் காலையில் பார்க்கப் போவது மினுங்கும் விளக்கை மட்டுமே. ராத்திரியில் கற்றுக்கொண்டதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அடுத்த அறையில் யாருக்காவது 'நாட் இன் சிங்க்' வந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்கள் என்பது இப்போது விடுதிக்கே தெரியும்.